அவுட்லுக் மெயில் பைல் வீங்கி கெட்டுப்போனால் என்ன செய்வது? பனியன் கம்பெனி ஊழியர்கள் உஷார்!

திருப்பூர்,

காலையில் ஆபீசுக்கு வந்ததும் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். அவுட்லுக் திறக்க மாட்டேன் என்கிறது. "பைலில் கோளாறு உள்ளது" என்று ஒரு கட்டம் வந்து நிற்கிறது. பல வருஷத்து மெயில் அத்தனையும் அதற்குள்தான் இருக்கிறது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இது சின்ன விஷயம் இல்லை. ஆர்டர், அளவு, கலர், கப்பல் தேதி எல்லாமே மெயிலில்தான் பேசி முடிவாகிறது. "இந்த கலருக்கு நாங்க ஓகே சொல்லவே இல்லை" என்று வெளிநாட்டு பையர் கைவிரித்தால், அவர் ஓகே சொல்லி அனுப்பிய அந்த ஒரு மெயில்தான் சாட்சி. அது இல்லாவிட்டால் நஷ்டம் கம்பெனி தலையில். திட்டு மெர்ச்சண்டைசர் தலையிலும், கம்ப்யூட்டர் ஆபரேட்டர் தலையிலும் விழும்.

ஆனால் பதற வேண்டாம். பைல் கெட்டுப்போனாலும் பல நேரம் உள்ளே இருக்கும் மெயிலை மீட்டுவிடலாம். பதற்றத்தில் கண்டதையும் அமுக்கினால்தான் மொத்தமும் போய்விடும்.

அது என்ன பி.எஸ்.டி. பைல்?

மெயில்கள் தனித்தனியாக இருப்பதுபோல கண்ணுக்கு தெரியும். உண்மையில் அவுட்லுக் அவற்றை ஒரே பைலில் அடைத்து வைக்கிறது. அதற்கு பி.எஸ்.டி. பைல் என்று பெயர். பத்து வருஷத்து பில்லையும் ஒரே டிரங்கு பெட்டியில் போட்டு பூட்டுவது மாதிரிதான். பெட்டி மக்கர் செய்தால் ஒரு பில்லைக்கூட எடுக்க முடியாது.

இந்த பெட்டிக்கு அளவு உண்டு. அவுட்லுக் 97 முதல் 2002 வரையிலான பைல்களுக்கு 2 ஜி.பி.தான் எல்லை. அதை தாண்டினால் பைலே திறக்காது. அவுட்லுக் 2003-ல் புது வகை பைல் வந்தது. 2003, 2007-ல் அதன் எல்லை 20 ஜி.பி. ஆகவும், 2010-ல் இருந்து 50 ஜி.பி. ஆகவும் வைக்கப்பட்டது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாப்ட்வேரை புதுசாக மாற்றினாலும், பழைய பைல் பழைய வகையாகவே இருக்கும். 2002-க்கு முன் தொடங்கிய பைலை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால், அதற்கு இன்றைக்கும் 2 ஜி.பி.தான் எல்லை.

ஏன் கெடுகிறது?

* அவுட்லுக் ஓடும்போது கரண்ட் போவது, அல்லது சுவிட்சை அப்படியே அணைப்பது.

* பைலை வேறு கம்ப்யூட்டரில் வைத்து, நெட்வொர்க் வழியாக திறப்பது. இப்படி செய்யக்கூடாது என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே சொல்கிறது.

* ஹார்ட் டிஸ்க் பழுதாவது.

* பைல் எல்லையை தொடும் அளவுக்கு வீங்குவது.

முதல் வேலை: காப்பி

அவுட்லுக்கை முழுசாக மூடுங்கள். கெட்டுப்போன பைலை அப்படியே வேறு டிஸ்க்கில் ஒரு காப்பி எடுங்கள். ரிப்பேர் வேலையை காப்பியில் மட்டும் செய்யுங்கள். ஒரிஜினலை தொடவே கூடாது. ரிப்பேர் செய்யும்போது சரிசெய்ய முடியாத மெயில்கள் நீக்கப்படலாம் என்பதே காரணம்.

புது வகை பைல் டாக்குமெண்ட்ஸ் போல்டருக்குள் 'அவுட்லுக் பைல்ஸ்' என்ற இடத்தில் இருக்கும். அங்கே இல்லை என்றால், கண்ட்ரோல் பேனலில் 'மெயில்' என்பதை திறந்து 'டேட்டா பைல்ஸ்' பட்டனை அமுக்கினால், இருக்கும் இடத்தை காட்டும்.

பென் டிரைவில் காப்பி ஆகவில்லையா? பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிய வேண்டாம். 'பேட் 32' முறையில் பார்மட் செய்த பென் டிரைவ், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே பைலை ஏற்காது. எவ்வளவு காலி இடம் இருந்தாலும் இதே கதைதான். 'என்.டி.எப்.எஸ்.' அல்லது 'எக்ஸ்பேட்' முறையில் உள்ள டிரைவை பயன்படுத்துங்கள்.

காசில்லாத ரிப்பேர்

அவுட்லுக்குடன் 'ஸ்கேன் பி.எஸ்.டி.' என்ற ரிப்பேர் கருவி சும்மாவே வருகிறது. 2016-க்கு பிந்தைய பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் சி டிரைவ், புரோகிராம் பைல்ஸ், மைக்ரோசாப்ட் ஆபீஸ், ரூட், ஆபீஸ் 16 என்று வரிசையாக திறந்துபோனால் அது கிடைக்கும்.

1. அதை திறந்து, காப்பி எடுத்த பைலை காட்டி 'ஸ்டார்ட்' கொடுங்கள்.

2. கோளாறு இருந்தால் சொல்லும். 'ரிப்பேருக்கு முன் பேக்கப் எடு' என்ற இடத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு 'ரிப்பேர்' அமுக்குங்கள்.

3. பெரிய பைல் என்றால் மணிக்கணக்கில் ஓடும். நின்றுவிட்டது என்று நினைத்து பாதியில் அணைக்காதீர்கள்.

4. ஒரு தடவையில் சரியாகாமல் போகலாம். கோளாறு இல்லை என்று வரும்வரை திரும்பத்திரும்ப ஓட்டுங்கள்.

5. பிறகு அவுட்லுக்கில் அந்த பைலை திறந்து பாருங்கள். இடம் தெரியாமல் மீண்ட மெயில்களை 'லாஸ்ட் அண்ட் பவுண்ட்' என்ற போல்டரில் போட்டிருக்கும். அங்கேயும் தேடுங்கள்.

2 ஜி.பி. தாண்டிய பழைய வகை பைலுக்கு இந்த கருவி மட்டும் போதாது. கொஞ்சம் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ரிப்பேர் செய்ய வேண்டிவரும். வெட்டிய பகுதியில் இருந்த மெயில் போனது போனதுதான். இதை தெரிந்தவர்களை வைத்து செய்யுங்கள்.

அப்படியும் திறக்கவில்லையா?

உங்கள் மெயில் சர்வரில் ஒரு காப்பி இருக்கிறதா என்று பிரவுசர் வழியாக உள்ளே போய் பாருங்கள். பைல் பெயர் ஓ.எஸ்.டி. என்று முடிந்தால், பெரும்பாலும் அது சர்வரில் உள்ள மெயிலின் காப்பிதான். மறுபடி இறக்கிக்கொள்ளலாம். பாப் முறையில் இறக்கிய மெயில் என்றால் சர்வரில் இல்லாமல் போயிருக்கலாம். அப்போது சி.சி.யில் இருந்தவர்களிடம் முக்கியமான மெயிலை திருப்பி அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

மீட்டுத்தருவதாக சொல்லும் சாப்ட்வேர்கள் நிறைய இருக்கின்றன. எந்தெந்த மெயில் மீளும் என்று இலவச டெமோவில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். முன்பின் தெரியாத வெப்சைட்டில் பைலை ஏற்றவே ஏற்றாதீர்கள். கம்பெனியின் விலைப்பட்டியல் முதல் பேங்க் விவரம் வரை அதற்குள் இருக்கிறது.

வருமுன் காப்பது எப்படி?

மெயிலை டெலிட் செய்தவுடனே பைல் சின்னதாகிவிடாது. உள்ளே காலி இடம் உண்டாகும், அவ்வளவுதான். அக்கவுண்ட் செட்டிங்ஸ், டேட்டா பைல்ஸ், செட்டிங்ஸ் என்று போய் 'காம்பேக்ட் நவ்' அமுக்கினால் பைலை உடனே சுருக்கலாம்.

வருஷத்துக்கு ஒரு புது பைல் தொடங்கி, பழைய மெயிலை அதற்கு மாற்றுங்கள். ஒன்று கெட்டால் ஒரு வருஷத்தோடு போகும். மற்றது தப்பிக்கும். பழைய வகை பைல் வைத்திருப்பவர்கள் மெயிலை புது வகை பைலுக்கு மாற்றிவிடுவது நல்லது. கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். அவசியம். வாரம் ஒருமுறை, அவுட்லுக்கை மூடிவிட்டு, வெளி டிஸ்க்கில் ஒரு காப்பி எடுங்கள்.

இன்று சாயங்காலம் வீட்டுக்கு கிளம்பும் முன், உங்கள் பைல் எத்தனை ஜி.பி. இருக்கிறது என்று பாருங்கள். பைல் மேல் மவுசின் வலது பட்டனை அமுக்கி 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்தால் தெரியும். ஒரு நிமிஷ வேலை. நாளைக்கு பையர் "நான் அப்படி சொல்லவே இல்லையே" என்றால், பதில் சொல்ல மெயில் இருக்கும்.