ஸ்டூடன்ட் லோன்: மொத்தத்தை விடுங்கோ, மாதத்தைப் பாருங்கோ

இந்தக் கிழமை எபிசோடில யூனி செலவைப் பற்றிக் கதைச்சம். எண்களை விளக்க நேரம் போதவில்லை. கணக்கை இங்கே எழுதிறன்.

நான் இருக்கிற பிளேஸ்டோவையே எடுப்பம். ஒரு பிள்ளை வீட்டில இருந்தபடி, டிஸ்ட்ரிக்ட் லைனில மைல் எண்ட் போய், குயீன் மேரியில கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்குது எண்டு வைப்பம். 2025-26இல் இங்கிலாந்தில் ஆண்டுக் கட்டணத்தின் உச்சம் 9,535 பவுண்ஸ். பக்கத்தில இருக்கிற ஈஸ்ட் லண்டன் யூனிவர்சிட்டிக்கும் இதே உச்சம்தான். பெற்றோரோடு இருக்கிற பிள்ளைக்கு வாழ்க்கைச் செலவு லோன், குடும்ப வருமானத்தைப் பொறுத்து, கூடினது 8,877 பவுண்ஸ். இதே கணக்கில மூன்று வருசத்துக்கு 55,236 பவுண்ஸ்.

கேட்டதும் எங்கட ஆக்களுக்கு நெஞ்சு பதறும். நகை, சீட்டு, மோர்ட்கேஜைக் கூட்டுறது எண்டு யோசனை ஓடும். ஆனால் இது வட்டிக்காரரிட்ட வாங்கிற கடன் மாதிரி இல்லை.

2023 ஆகஸ்ட் தொடக்கம் படிக்க வந்தவை 'பிளான் 5' இல வருவினம். வருசச் சம்பளம் 25,000 பவுண்ஸைத் தாண்டினால், தாண்டின தொகையில மட்டும் 9 வீதம் பிடிப்பினம். சம்பளம் 35,000 எண்டால் மாதம் 75 பவுண்ஸ். 50,000 எண்டால் 187.50. வேலை போனால் பூச்சியம். கடன் 30,000 ஆக இருந்தாலும் 55,000 ஆக இருந்தாலும் மாதப் பிடிப்பு மாறாது. 40 வருசத்துக்குப் பிறகு மிச்சம் தள்ளுபடி. நடைமுறையில இது கடனை விட வரிக்குத்தான் கிட்ட.

அதுக்காக இலவசமும் இல்லை. வட்டி விலைவாசி ஏற்றத்தோடு போகும். 3.2 வீதம் எண்டு வைத்தால், 55,236க்கு வருச வட்டி ஏறக்குறைய 1,767 பவுண்ஸ். அதை அடைக்கவே கிட்டத்தட்ட 45,000 சம்பளம் வேணும். அதுக்குக் கீழே எடுத்தால், கட்டக் கட்டக் கடன் ஏறும்.

அப்ப பெற்றோர் முன்கூட்டியே கட்டலாமோ? சும்மா கிடக்கிற காசு இருந்து, பிள்ளை நல்லா உழைக்கும் எண்டு நம்பிக்கை இருந்தால் யோசிக்கலாம். கூடின வட்டிக்குக் கடன் எடுத்துக் கட்டுறது நட்டம். பிள்ளையின்ர சம்பளம் குறைஞ்சால் ஸ்டூடன்ட் லோன் தானாக இரங்கும். வங்கிக் கடன் இரங்காது.

என்னைப் போல கான்ட்ராக்ட் செய்யிற ஆக்களுக்கு ஒரு குறிப்பு: சொந்தக் கம்பனி நடத்தினால், சம்பளத்தில பிடிபடாத மிச்சம் செல்ஃப் அசெஸ்மென்ட்டில ஜனவரி மாதம் மொத்தமாக வரும். காசை ஒதுக்கி வையுங்கோ.

இன்னொரு பாதை டிகிரி அப்பிரென்டிஸ்ஷிப், 2015 தொடக்கம் இருக்கு. வேலை, சம்பளம், டிகிரி மூன்றும் சேர்ந்தே வரும். கட்டணம் பிள்ளையின்ர தலையில விழாது. எங்கட துறையில 'டிஜிட்டல் அண்ட் டெக்னாலஜி சொல்யூஷன்ஸ்' எண்டு தேடுங்கோ. ஆனால் இடம் குறைவு, போட்டி கடுமை. யூனிக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கிறதுதான் பாதுகாப்பு.

டாக்டராக வர டிகிரி இல்லாமல் வழியில்லை. ஐடியில முதல் வேலைக்கு அது கதவைத் திறக்கும். பிறகு, என்ன செய்து காட்டினீங்கள் எண்டுதான் கேட்பினம். அதனால பிள்ளையோடு கதைக்கேக்க 55,000ஐ நடுவில வைக்காதேங்கோ. இந்தக் கோர்ஸ் முடிச்ச ஆக்கள் என்ன வேலையில, என்ன சம்பளத்தில இருக்கினம் எண்டு கேளுங்கோ. அரசின் 'டிஸ்கவர் யூனி' தளத்தில கோர்ஸ் வாரியாகப் பார்க்கலாம்.