மார்பில் கட்டியா? மறைக்க வேண்டாம்!

நம் தோட்டத்துப் பெண்கள் வாயில்லாப் பூச்சிகள் அல்லர். மண்டோர் எடையைக் குறைத்து எழுதினால் தட்டிக் கேட்பார்கள். இரண்டு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் ஆபீஸ் வாசலுக்கே போய் நிற்பார்கள். ஆனால் மார்பில் ஒரு கட்டி என்றால் மட்டும் வாய்க்குப் பூட்டு! வயசுப் பிள்ளை தாயிடம் சொல்லாது. தாய்க்குத் தெரிந்தாலும் தகப்பனிடம் போகாது. "வெளியே தெரிஞ்சா நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்ற பயம். அந்தப் பயத்திலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன. பிள்ளையோ தனக்குப் புற்றுநோய்தான் என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு ராத்திரியெல்லாம் தலையணையை நனைக்கிறது.

ஆகவே இன்று வெட்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுவோம். ஆண்களும் படிக்கலாம், அவர்கள் வீட்டிலும் பெண் பிள்ளைகள் உண்டு.

இளம் பெண்களுக்கு மார்பில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. 15 வயதிலிருந்து 35 வயதுக்குள் அதிகம் வருவது 'ஃபைப்ரோஅடினோமா' என்று டாக்டர்கள் சொல்லும் நார்க்கட்டி. தொட்டால் ரப்பர் மாதிரி இருக்கும், ஓரம் வழவழப்பாக இருக்கும், பெரும்பாலும் வலிக்காது. விரலால் அழுத்தினால் நழுவி ஓடும். அதனால்தான் வெள்ளைக்கார டாக்டர்கள் அதற்கு 'மார்பு எலி' என்று பேர் வைத்தார்கள்! பெரும்பாலும் நம் பால்மரக் கொட்டை அளவுதான், 1 முதல் 3 செண்டிமீட்டர். கர்ப்பமானால் சற்றுப் பெருக்கலாம். மாதவிலக்கு நின்ற பிறகு சுருங்கிப்போவதும் உண்டு. சாதாரண நார்க்கட்டி புற்றாக மாறுவது மிக மிக அரிது.

தூரம் வருவதற்கு நாலைந்து நாள் முன்பு இரண்டு மார்பும் கனத்து, முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டு வலித்து, பிறகு தானே இறங்கிவிடுகிறதா? அது உடம்பின் மாத ஓட்டம், பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் எது நார்க்கட்டி, எது வேறு என்று நம் விரல் சொல்லாது, பக்கத்து வீட்டுப் பாட்டியும் சொல்ல முடியாது. டாக்டர் தொட்டுப் பார்ப்பார். பிறகு ஸ்கேன் எடுப்பார்கள். வயசுப் பெண்களுக்கு மார்பு இறுக்கமாக இருப்பதால் மெமோகிராம் படத்தைவிட ஸ்கேனே முதலில் உதவும். தேவைப்பட்டால் ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். ஆபத்தில்லாத நார்க்கட்டி என்று உறுதியானால் பெரும்பாலும் அப்படியே விட்டுக் கவனிப்பார்கள். பெரிதாக இருந்தால், வளர்ந்துகொண்டே போனால்தான் ஆபரேஷன். கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் இது தடையே இல்லை. உருவி விடுவதும், சுடச்சுடப் பற்றுப் போடுவதும் வேண்டவே வேண்டாம். கட்டி கரையாது, தோல்தான் வேகும்.

இனி காம்புத் தோல். கறுவளையத்தில் சின்னச் சின்னப் பருக்கள் போல இருப்பவை எண்ணெய்ச் சுரப்பிகள். எல்லாருக்கும் உண்டு, கிள்ளிப் பிதுக்காதீர்கள். அரிப்பு, வெடிப்பு, நீர்க்கசிவு என்றால் பெரும்பாலும் கரப்பான். வேர்வையில் ஊறிய உள்ளாடை, வாசனை சோப்பு, துணி சோப்புத் தூள் எல்லாம் கிளப்பிவிடும். மருந்தடிக்கும் பெண்கள் வேலை உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் மற்ற களைக்கொல்லிகளும் நனைந்த துணி வழியாகத் தோலைப் புண்ணாக்கக் கூடியவைதான். காம்பில் கோடாலித் தைலம் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். எரிச்சல் தாங்காமல் துடிப்பதுதான் மிச்சம்! பால் கொடுக்கும் தாய்க்கு வெடிப்பு வந்தால், பிள்ளை காம்பை மட்டும் கவ்வாமல் கறுவளையத்தோடு வாய் நிறையக் கவ்வுகிறதா என்று மிஸ்ஸியிடம் காட்டிக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஒரு பக்கக் காம்பில் மட்டும் வந்த புண், மருந்து போட்டும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் அதைக் கரப்பான் என்று விடக் கூடாது. காம்பில் ரத்தம் கசிந்தால், நேராக இருந்த காம்பு புதிதாக உள்ளே இழுத்தால், தோல் ஆரஞ்சுத் தோல் போலக் குழிந்தால், கட்டி கல் போல நகராமல் இருந்தால், அக்குளில் நெரி கட்டினால் மறுநாளே புறப்படுங்கள். தாய்க்கோ அக்காளுக்கோ மார்புப் புற்று வந்திருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். நாற்பதைத் தாண்டிய அம்மாமார் 'எனக்கும் அந்த எலிதான்' என்று இருந்துவிட வேண்டாம்; இவ்வளவு நேரம் சொன்ன ஆறுதல் வயசுப் பிள்ளைகளுக்கு.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். கவுண்டரில் நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் 'கெத்துலான் டி பாயுடாரா' என்று ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். 'நாக் ஜும்பா டொக்டர் பெரம்புவான்' என்று பெண் டாக்டரைக் கேட்கலாம். ஆண் டாக்டர்தான் என்றால் மிஸ்ஸி ஒருவர் கூட நிற்கும்படி கேட்கலாம். பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தால் தேதி தவறாமல் போங்கள். பெயர் போய்விடும் என்ற கவலையா? டாக்டர் எம்.சி. கொடுத்தால் அது சம்பளத்தோடு கூடிய லீவு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷம் 14 நாள், ஐந்து வருஷத்துக்குள் 18, அதற்கு மேல் 22 நாள். கிராணி முணுமுணுத்தால் இந்தத் தாளையே காட்டுங்கள்.