கட்டளை வரிச் செயலியும் அதன் தொடக்கச் சட்டகமும்

முனையத்தில் ஒரு தொடரைத் தட்டச்சு செய்து கணினியை ஏவும் முறையைக் கட்டளை வரி என்கிறோம். இலக்கண நோக்கில் அஃது ஓர் ஏவல் தொடரே. முதலில் நிற்கும் செயலியின் பெயரை விளியாகவும், அடுத்து வருவதை ஏவல் வினையாகவும், பின் வருவனவற்றைச் செயப்படுபொருளாகவும் அடையாகவும் கொள்ளலாம்.

இத்தகைய செயலி ஒன்றைப் புதிதாக எழுதப் புகுவோர்க்கு முதற்கண் சில ஏற்பாடுகள் தேவை. கோப்புறை வேண்டும், செயலியின் பெயரையும் பதிப்பையும் கூறும் விவரக் கோப்பு வேண்டும், நிரல் தொடங்கும் இடம் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே வடிவில் அமையும் இவற்றைத் தாமே ஆக்கித் தரும் கருவிகள் உள்ளன. 2015ஆம் ஆண்டு முதல் நிலைப்பதிப்புக் கண்ட ரஸ்ட் மொழியின் கார்கோ அவற்றுள் ஒன்று.

தமிழ் எழுத்துகளை எண்ணும் செயலி ஒன்றை மாணவர் எழுதுவதாகக் கொள்வோம். ‘கார்கோ நியூ’ என்று தட்டச்சு செய்து, செயலிக்குரிய பெயரையும் இட்டால், அப்பெயரில் ஒரு கோப்புறை தோன்றும். அதனுள் 0.1.0 என்னும் பதிப்பெண் தாங்கிய விவரக் கோப்பும், ‘ஹலோ, வேர்ல்ட்!’ என அச்சிடும் சிறு நிரலும் இருக்கும். ‘கார்கோ ரன்’ என்று ஏவினால் அந்நிரல் உடனே இயங்கும். ஒரு வரியும் எழுதாமலே இயங்கும் செயலி கைக்கு வந்துவிடுகிறது.

இதனைச் சாரம் கட்டுதல் என்பர். ஆயினும் உவமை முற்றும் பொருந்துவதன்று. சுவர் எழுந்தபின் கொத்தனார் சாரத்தை அவிழ்த்துவிடுவார். இங்கோ கருவி தந்த கோப்புகள் கட்டடத்தின் உறுப்பாகவே நின்றுவிடுகின்றன. ஆதலின் சட்டகம் என்பதே தகும். உள்ளே நிலைத்து நிற்பது யாதென அறியாமல் அதன்மேல் கட்டுதல் கூடாது. ஒவ்வொரு கோப்பும் எதற்கு என மாணவர் தம் சொற்களில் விளக்கிய பின்னரே அடுத்த படிக்குச் செல்லுதல் நன்று.

சட்டகம் எல்லார்க்கும் பொது. மொழியறிவு அதனுள் இல்லை. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தை ரஸ்டின் இயல்பான அளவையால் கேட்டால் 15 என்னும் விடை வரும்; அது பைட்டுகளின் எண்ணிக்கை. யூனிகோட் குறிகளை எண்ணினால் 5 வரும்; மகரமும் இகரக் குறியும் தனித்தனியே எண்ணப்படும்; ழகரமும் புள்ளியும் அவ்வாறே. தொடக்கப்பள்ளிச் சிறாரோ 3 என்பர். அவர் கூறுவதே சரி. உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளும் விதியை நாமே சேர்த்தல் வேண்டும். அதற்குரிய யூனிகோட் பகுப்பு நிரலகம் உண்டு. அதனைச் சேர்த்தபின்னும் ‘க்ஷ’ இரண்டாகவே எண்ணப்படும். அதனை ஒன்றாகக் கொள்வதா என்பதை மொழி அறிந்தோரே தீர்மானிக்க வேண்டும்.

இவ்வகைச் செயலிக்குக் கார்கோ சோதனை எதனையும் எழுதித் தருவதில்லை. எனவே, ‘தமிழ்’ என்பதற்கு 3 வருதல் வேண்டும் என்னும் சோதனையை மாணவர் முதலில் எழுதுக. ‘கார்கோ டெஸ்ட்’ என ஏவி, அது தோற்பதைக் காண்க. பின்னர் நிரலைத் திருத்துக. தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து கற்பிக்க ஏற்ற பாடம் இது. சட்டகத்தைக் கருவி நொடியில் தந்துவிடும். எழுத்து எது என்பதை நாம்தாம் அதற்குச் சொல்லித்தர வேண்டும்.