கோழிக்குக் கல் இருக்கு... சிப்பாய்க்கு?

விழுப்புரம் பக்கத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்கு நடுகல் வைத்திருக்கிறார்கள். நேற்று அல்ல, சுமார் 1,500 வருஷத்துக்கு முன்பு!

அரசலாபுரத்தில் கிடைத்த அந்தக் கல்லில் சேவல் உருவம், கூடவே வட்டெழுத்து. முகையூர் மேற்சேரிக்காகச் சண்டை போட்ட கோழி என்று சேதி. மதுராந்தகம் பக்கம் இந்தளூர்க் கோழிக்கோ பெயரே உண்டு. பொற்கொற்றி!

கோழிக்கே இந்த மரியாதை என்றால் மனுஷனுக்குக் கேட்கணுமா? மாடு மீட்கப் போய் மாண்டவனின் பெயர், ஊர், அப்போது ஆண்ட அரசன் பெயர் வரை கல்லில் வெட்டினார்கள். செங்கம், தர்மபுரி வட்டாரத்தில் அந்தக் கற்களுக்கு இன்றைக்கும் படையல் நடக்கிறது. செத்தவன் யார் என்று ஊருக்கு மறந்தே போச்சு. ஆனாலும் 'வேடியப்பன்' என்று கும்பிடுகிறார்கள்.

பீரங்கி வந்தது, பெயர் போனது

திண்டிவனத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரச் சொச்சத்தில் வந்தவாசி. 1760 ஜனவரி 22-ந் தேதி அங்கே இங்கிலீஷ் தளபதி கூட்டும், பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதினார்கள். இரண்டு பக்கமும் ஆயிரத்துக்கு மேல் இந்தியச் சிப்பாய்கள். கூட், லாலி பெயர்கள் பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கின்றன. அந்தச் சிப்பாய்களில் ஒருத்தன் பெயர்? ஊஹும்!

வேலூர் மணிக்கூண்டில் வெள்ளைக்காரன் பதித்த கல்வெட்டு இன்னும் மோசம். 1914-19 மகாயுத்தத்துக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள் என்கிறது. அந்த 14 பேர் யார், எவர்? பெத்தவள் வந்து தேடினாலும் கல்லில் கிடைக்காது. வெறும் கணக்கு!

டெல்லியில் 1972 குடியரசு தினத்தன்று இந்தியா கேட்டில் அமர் ஜவான் ஜோதியைத் தொடங்கி வைத்தார் இந்திரா காந்தி. தலைகீழாக நட்ட துப்பாக்கி, மேலே ஹெல்மெட். பெயர் இல்லை. ஒரு வகையில் அதுவும் வேடியப்பன் கல்தான். 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில்தான் 25 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்களை வெட்டி வைத்தார்கள். 2022 ஜனவரியில் பழைய ஜோதியையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

டப்பாவில் விழும் காசு

விழுப்புரம் ஜங்ஷனில் டிரங்குப் பெட்டியும் பையுமாக லீவு முடிந்து திரும்பும் ஜவானைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்காகத்தான் 1949 முதல் டிசம்பர் 7-ந் தேதி கொடிநாள். ஆபீசில் டப்பாவை நீட்டினால், "போன வருஷம்தானே சார் கொடுத்தேன்?" என்று முனகுகிற பேர்வழிகளும் உண்டு. அந்தக் காசு போவது சண்டையில் செத்தவர்களின் குடும்பத்துக்கும், கை கால் இழந்தவர்களுக்கும், ஓய்வு பெற்ற வீரர்களுக்கும்தான்.