குணச்சித்திர நாயகர்கள் – 12: கேட்கத் தெரிந்த பாலையா

‘காதலிக்க நேரமில்லை’யில் செல்லப்பா தன் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி என்றாலே நாகேஷைத்தான் புகழ்கிறோம். புகழட்டும், தகும். ஆனால் அந்தக் காட்சியில் சரிபாதி டி.எஸ்.பாலையாவுடையது. கதை சொல்பவன் கதவு திறக்கும் ஓசையையும் காலடி ஓசையையும் வாயாலேயே எழுப்ப எழுப்ப, பாலையாவின் கண்கள் விரிகின்றன, உடம்பு ஒடுங்குகிறது. அந்த முகத்தில் பயம் ஏறுவதைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம். கேட்பவர் வேறு யாராவது இருந்திருந்தால் அது வெறும் பலகுரல் வித்தையாக நின்றிருக்கும்.

இந்தப் படம் வந்தது 1964-ல். பாலையாவுக்கு அப்போது ஐம்பது வயது. அதற்குமுன் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவரைத் தமிழ்நாடு திட்டித் தீர்த்திருந்தது. நாடக மேடையிலிருந்து வந்தவர். 1936-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’தான் முதல் படம், எம்.ஜி.ஆரும் என்.எஸ்.கிருஷ்ணனும் அறிமுகமானதும் அதில்தான். மறுவருடமே ‘அம்பிகாபதி’யில் தியாகராஜ பாகவதருக்கு வில்லன். 1949-ல் அண்ணாவின் ‘வேலைக்காரி’யில் மட்டும் கதாநாயகனின் பக்கம் நின்று, அவன் ஆத்திரத்தை அறிவின் வழிக்குத் திருப்பும் நண்பன் மணி. சொற்களை இழுத்தும் நறுக்கியும் பேசும் அந்தக் குரலில் வஞ்சகமும் வந்தது, நியாயமும் வந்தது.

‘காதலிக்க நேரமில்லை’க்கு அடுத்த வருடம் ‘திருவிளையாடல்’. ஹேமநாத பாகவதராக அரசவையில் அவர் பாடும் பாட்டைப் பாலமுரளிகிருஷ்ணா பாடியிருக்கிறார். அந்த ஞானத்துக்கு ஈடான செருக்கை உடம்பில் காட்ட வேண்டும். கழுத்தை உயர்த்துவதிலும் கையை வீசுவதிலும் பாலையா அதைக் காட்டிவிடுகிறார். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு வருவதுதான். இரவில் விறகுவெட்டியின் பாட்டு காதில் விழுகிறது. போட்டியில் தன்னை எதிர்த்துப் பாடவிருக்கும் பாணபத்திரர் சேர்த்துக்கொள்ளாமல் துரத்திய ஆளே இப்படிப் பாடினால், பாணபத்திரர் எப்படிப் பாடுவார்? இந்தக் கேள்வி உள்ளே இறங்க இறங்க அவர் முகம் சரிகிறது. செருக்கு போன இடத்தில் அச்சம் மட்டும் இல்லை; நல்ல சங்கீதத்தைக் கேட்ட வித்வானின் மரியாதையும் இருக்கிறது. அதனால்தான் இரவோடு இரவாக மதுரையைவிட்டு ஓடும் மனிதரிடம் நமக்கு இரக்கம் வருகிறது.

‘பாமா விஜயம்’ தகப்பனையும் ‘ஊட்டி வரை உறவு’ தகப்பனையும் இடமின்மையால் தாண்டிப் போகிறேன். 1972-ல், 58 வயது நிறையும் முன்பே அவர் மறைந்துவிட்டார். அதற்கு நான்கு வருடம் முன்பு ‘தில்லானா மோகனாம்பாள்’ தவில் வித்வான் முத்துராக்கு கிடைத்தது நம் அதிர்ஷ்டம். நாதஸ்வரத்தை உன்னிப்பாகக் கேட்டு அதன் போக்கை முன்கூட்டியே பிடிப்பவர்தான் தவிலில் நிற்க முடியும். அந்தப் படத்தை மறுபடி பார்த்தால், சிவாஜி வாசிக்கும்போது பாலையாவை மட்டும் பாருங்கள்.

(தொடரும்)