ஒவ்வாமை ஆஸ்துமா: சுவாசக் குழாய் ஒடுங்குவது ஏன்? மருந்துகள் செயற்படுவது எங்கே?



ஆஸ்துமா பற்றி வினா வந்தால் பலர் "சுவாசக் குழாய் ஒடுங்கும், மூச்சுவிடக் கடினமாக இருக்கும்" என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். குழாய் ஏன் ஒடுங்குகின்றது, மருந்து எவ்விடத்திற் செயற்படுகின்றது என்பவற்றை விளங்கிக்கொண்டால் விடை தானாக விரியும். இது புள்ளிக்காக மட்டும் படிக்கும் விடயமன்று. நம் ஊர்களிலே தொய்வு, முட்டு என்று சொல்லப்படும் இந்நோய் உள்ள ஒருவர் உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இருக்கக்கூடும்.

1. ஒடுங்கும் இடம்

வாதனாளியின் சுவரில் கசியிழைய வளையங்கள் உள்ளன. ஆகையால் அது எளிதில் ஒடுங்காது. ஆனால் சுவாசப்பைச் சிறுகுழாய்களில் கசியிழையம் இல்லை. அவற்றை மழமழப்பான தசை சூழ்ந்துள்ளது. அத்தசை சுருங்கினால் குழாயும் ஒடுங்கும்.

2. ஒவ்வாமை தொடங்கும் விதம்

(அ) வீட்டுத் தூசியிலுள்ள சிற்றுண்ணி, கரப்பான் பூச்சியின் எச்சம், மகரந்தம் போன்றவை ஒவ்வாமையூட்டிகள் ஆகும். இவை உட்செல்லும்போது சிலரது உடலில் ஐ.ஜி.ஈ எனும் பிறபொருளெதிரி உருவாகி, மாஸ்ட் கலங்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். அப்போது நோய் அறிகுறி தோன்றாது.

(ஆ) அதே ஒவ்வாமையூட்டி மீண்டும் வந்து இப்பிறபொருளெதிரிகளுடன் இணையும்போது மாஸ்ட் கலம் தூண்டப்படும். அது ஏற்கெனவே சேமித்து வைத்துள்ள ஹிஸ்டமினை உடனே வெளிவிடும். லியூக்கோட்டிரையீன், புரொஸ்டாகிளாண்டின் என்பவற்றைப் புதிதாகத் தொகுத்து வெளிவிடும். இவையே அழற்சி ஊடகங்கள் எனப்படும்.

3. ஊடகங்களால் ஏற்படும் மூன்று மாற்றங்கள்

• மழமழப்பான தசை சுருங்கும்.
• குருதி மயிர்க்குழாய்களிலிருந்து திரவம் கசிந்து குழாயின் உட்சுவர் வீங்கும்.
• தடித்த சீதம் மிகையாகச் சுரக்கும்.

மூன்றும் சேர்ந்தே குழாயை ஒடுக்குகின்றன. கணித பாடத்தை இங்கு நினைவுகூருங்கள். குழாயின் ஆரை அரைவாசியானால் குறுக்குவெட்டுப் பரப்பு காற்பங்காகும். வளி சீராகப் பாயும் குழாயொன்றில் தடையோ 16 மடங்காக அதிகரிக்கும். சிறிய வீக்கமும் பெரிய மூச்சுத்திணறலைத் தருவது இதனாலேயே.

4. இரண்டு கட்டங்கள்

முதற் கட்டம் சில நிமிடங்களில் தொடங்கி ஓரிரு மணித்தியாலங்களில் தணியும். இதில் தசைச் சுருக்கமே முதன்மையானது. பிந்திய கட்டம் சில மணித்தியாலங்களின் பின்னர் தோன்றும். ஊடகங்களால் ஈர்க்கப்பட்ட இயோசின்நாடிகள் முதலிய வெண்குழியங்கள் சுவரினுள் புகுந்து அழற்சியை நீடிக்கச் செய்யும். எல்லா நோயாளரிடத்தும் இக்கட்டம் ஏற்படுவதில்லை.

5. மருந்துகள் செயற்படும் இடம்

• சல்பியூட்டமோல்: தசைக் கலங்களிலுள்ள பீற்றா-2 வாங்கிகளுடன் இணைந்து தசையைத் தளரச் செய்யும். அதிரினலின் ஓமோனும் இவ்வாங்கிகளிலேயே செயற்படுகின்றது. உள்ளிழுத்துச் சில நிமிடங்களிற் பயன் தரும். 4 முதல் 6 மணித்தியாலம் வரை நீடிக்கும். ஆனால் அழற்சியைக் குறைக்காது.
• பெக்லோமெதசோன் முதலிய உள்ளிழுக்கும் ஸ்டீரோயிட்டுகள்: கலத்தின் கருவில் பரம்பரையலகுகளின் செயற்பாட்டை மாற்றி அழற்சியைத் தணிக்கும். முழுப்பயன் தெரிய நாட்களோ வாரங்களோ செல்லும். பாவித்தபின் வாயைக் கொப்பளிக்க வேண்டும். இல்லையேல் வாயில் பங்கசுத் தொற்று ஏற்படலாம்.
• மொன்டெலுகாஸ்ட்: லியூக்கோட்டிரையீன் இணையும் வாங்கியை அடைத்துக்கொள்ளும்.

தும்மலுக்குத் தரப்படும் ஹிஸ்டமின் எதிர் மருந்து ஆஸ்துமாவுக்கு ஏன் போதாது? ஹிஸ்டமின் பல ஊடகங்களுள் ஒன்று மாத்திரமே. தசையைச் சுருக்குவதில் லியூக்கோட்டிரையீன் அதனிலும் பன்மடங்கு வலிமையானது.

6. பலர் தவறவிடும் இடம்

சல்பியூட்டமோல் எடுத்தவுடன் மூச்சு இலகுவாகின்றது. ஸ்டீரோயிட் எடுத்தால் உடனே எதுவும் தெரிவதில்லை. ஆகவே "எனக்கு இப்போது சுகம்" என்று இரண்டாவதை நிறுத்துவோர் பலர். தசை தளர்ந்தாலும் சுவரின் வீக்கமும் சீதமும் அப்படியே இருக்கும். இக்காரணத்தால் சல்பியூட்டமோலை மட்டும் நம்பிச் சிகிச்சை செய்வதை உலக ஆஸ்துமா வழிகாட்டியான கினா 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தலாகாது.

7. மாதிரி வினா

காலையில் பழைய புத்தகங்களைத் தூசி தட்டிய மாணவி ஒருத்திக்கு இழுப்பு ஏற்பட்டது. சல்பியூட்டமோல் உள்ளிழுத்ததும் தணிந்தது. பிற்பகலில் தூசி படாமலே மீண்டும் இழுப்பு ஏற்பட்டது. விளக்குக.

விடை: காலையில் ஹிஸ்டமின் முதலிய ஊடகங்களால் தசை சுருங்கியது. சல்பியூட்டமோல் அத்தசையைத் தளர்த்தியது, அழற்சியைத் தடுக்கவில்லை. மருந்தின் பயன் குறைந்த வேளையில், வெண்குழியங்களால் ஏற்பட்ட பிந்திய கட்டம் குழாயை மீண்டும் ஒடுக்கியது.

மனதிற் கொள்க: மூச்சிரைப்பால் ஒரு வசனத்தைக்கூட முழுமையாகச் சொல்ல முடியாமை, உதடு நீலமாதல், மருந்துக்கும் தணியாமை என்பன ஆபத்தின் அறிகுறிகளாகும். அவ்வேளையில் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.