வீட்டில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம்

இன்றைய தருமபுரி பண்டைக் காலத்தில் தகடூர் என வழங்கிற்று. அதனைத் தலைநகராகக் கொண்டு அதியமான் நெடுமான் அஞ்சி என்னும் வள்ளல் ஆண்டான். அவனுடைய கொடையையும் வீரத்தையும் ஔவையார் பாடினார். அவன் மாண்டபோது ஆற்றாது அழுதும் பாடினார். அப்பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. திணை இன்னது, துறை இன்னது, பாடியவர் இன்னார், பாடப்பட்டவர் இன்னார் என்னும் குறிப்புகளும் அவற்றுடன் உள்ளன. ஆயினும், ஔவையார் எந்தப் பண்ணில் பாடினார், எவ்விடத்தில் குரலை உயர்த்தினார், எவ்விடத்தில் நாத்தழுதழுத்தார் என்பதை அறிவிக்கும் குறிப்பு ஒன்றும் இல்லை. ஓலை சொல்லைக் காத்தது; குரலைக் காக்கவில்லை.

போரில் பட்ட வீரனுக்கு நடுகல் நாட்டி, அவன் உருவையும் பெயரையும் அதில் பொறிப்பது முன்னோர் வழக்கம். அத்தகைய நடுகற்கள் பலவற்றைத் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். வீரனின் பெயருக்குக் கல் கிடைத்தது. பாடகனின் குரலுக்கு அவ்வாறு ஒரு கல் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

தருமபுரி மாவட்டத்தின் ஊர்களில் இன்றும் பாட்டு வாழ்கின்றது. திரௌபதி அம்மன் விழாவில் பாரதக் கூத்து நடைபெறுகின்றது. நடவு வயலிலும் தொட்டிலின் அருகிலும் இழவு வீட்டிலும் பெண்கள் பாடும் பாடல்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை ஏட்டில் இல்லை. பாடுவோரின் நினைவிலேயே உள்ளன. முதிய பாட்டி ஒருத்தி மறையும்போது அவள் மட்டுமே அறிந்திருந்த தாலாட்டும் அவளோடு மறைந்துவிடுகின்றது. அதனைக் காக்கும் கருவி இன்று எளிய குடும்பத்துக்கும் எட்டும் விலையில் கிடைக்கின்றது. அதனைப் பயன்படுத்தும் முறை தெரிந்தால் போதும்.

குரலைப் பிடித்து வைத்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை 1877ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எடிசன் ஆக்கினார். உருளை ஒன்றின்மேல் சுற்றிய வெள்ளீயத் தகட்டில் ஊசி ஒன்று ஒலியின் அதிர்வைக் கோடாகக் கீறிற்று. பின்னர் இசைத்தட்டுகள் தோன்றின. 1902ஆம் ஆண்டில் பிரெட் கைஸ்பர்க் என்பவர் கல்கத்தா நகருக்கு வந்து, கௌகர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் குரலைப் பதிவு செய்தார். அந்நாளில் மின்சார ஒலிவாங்கி இல்லை. பாடகர் பெரிய ஊதுகுழல் ஒன்றின் வாயருகே நின்று உரத்துப் பாட வேண்டும். கௌகர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே கூறி முடிப்பார். பாடியவர் யார் என்பது தட்டிலேயே பதிந்தது.

அதன் பிறகு நெடுநாள் வரை ஒலிப்பதிவு என்பது பெருநகரங்களின் தொழிலாகவே இருந்தது. பெருங்கூடமும் விலையுயர்ந்த பொறிகளும் பயின்ற வல்லுநரும் அதற்கு வேண்டியிருந்தனர். சிற்றூர்ப் பாடகர் பொறியைத் தேடி நகருக்குச் செல்ல வேண்டும். வாய்ப்புப் பெற்றவர் சிலரே. கணிப்பொறி பரவிய பின்னர் இந்நிலை மாறிற்று. 1989ஆம் ஆண்டையொட்டி ஏ. ஆர். ரகுமான் சென்னையில் தம் வீட்டின் புறத்தே பஞ்சதன் என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். விளம்பரங்களுக்கு இசையமைத்து வந்த அவ்விளைஞர், 1992ஆம் ஆண்டில் வெளிவந்த ரோஜா திரைப்படத்தின் இசையால் நாடறிந்தவரானார். இன்று அதனினும் மிகச் சிறிய கூடத்தை ஓர் அறைக்குள், சில ஆயிரம் ரூபாய்ச் செலவில், எவரும் அமைத்துக்கொள்ளலாம்.

கூடம் அமைக்க விரும்புவோர் முதலில் கருவி வாங்க விரைவது இயல்பு. அது பிழை. ஒலிவாங்கி, பாடுவோர் குரலை மட்டும் கேட்பதில்லை. அவர் நிற்கும் அறையையும் சேர்த்தே கேட்கின்றது. வாயினின்று எழும் ஒலி சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதித் திரும்பி, பல சிறு எதிரொலிகளாக வந்து சேர்கின்றது. அறை கெட்டால் கருவி எத்துணை உயர்ந்ததாயினும் பயனில்லை. ஆதலின் முதற்செலவு அறைக்கே உரியது; அச்செலவோ மிகச் சிறிது.

இவ்வுண்மையை உலகுக்கு அளந்து காட்டியவர் வாலஸ் சாபின் என்னும் இயற்பியல் ஆசிரியர். அமெரிக்காவில் உள்ள ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு சொல் எழுந்தால் அதன் ஒலி அடங்க ஏறத்தாழ 5½ வினாடி ஆயிற்று. அதற்குள் பல சொற்கள் எழுந்து ஒன்றோடொன்று குழம்பின. 1895ஆம் ஆண்டில் அக்குறையை ஆராயும் பணி சாபினிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரிடம் இருந்தவை ஓர் இசைக்குழல், ஒரு கடிகாரம், தம் செவி ஆகியவையே. அருகிலிருந்த அரங்கு ஒன்றின் இருக்கை மெத்தைகளை இரவில் கொணர்ந்து சிறிது சிறிதாகக் கூடத்தில் பரப்பினார். ஒவ்வொரு முறையும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். விடியுமுன் மெத்தைகளை உரிய இடத்தில் சேர்த்தார். மெத்தை பெருகப் பெருக நேரம் குறைந்தது. எல்லா மெத்தைகளையும் பரப்பியபோது அது ஒரு வினாடிக்குச் சற்றே மிகுதியாக நின்றது. அவ்வாராய்ச்சியின் வழி நின்று, 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாஸ்டன் இசையரங்கின் அமைப்புக்கும் அவர் துணை புரிந்தார். பஞ்சு மெத்தை அங்குச் செய்த வேலையைத் தருமபுரியிலும் செய்யும்.

அறைக்குப் பகை இரண்டு. ஒன்று வெளியிலிருந்து வரும் இரைச்சல். மற்றொன்று உள்ளே எழும் எதிரொலி. இவற்றை வேறு வேறாகப் பிரித்தறிதல் வேண்டும். மெத்தையும் திரையும் எதிரொலியை உறிஞ்சும். ஆனால் தெருவின் இரைச்சலைத் தடுக்கமாட்டா. இரைச்சலைத் தடுப்பது கனமான சுவரும் இடைவெளியின்றி மூடும் கதவுமே. அவ்வாறு கட்டப் பெரும்பொருள் வேண்டும். பொருள் இல்லாதவர் இடத்தையும் நேரத்தையும் ஆராய்ந்து தேர்தல் வேண்டும். வீட்டின் ஒவ்வோர் அறையிலும் கண்ணை மூடிச் சில நிமிடம் அமர்ந்திருந்தால், அதுவரை கேளாத பல ஒலிகள் கேட்கும். மின்விசிறியின் சுழற்சி, குளிர்பதனப் பெட்டியின் முனகல், அண்டை வீட்டுத் தொலைக்காட்சி, சேலத்துக்கும் பெங்களூருவுக்கும் இடையே நெடுஞ்சாலையில் ஓடும் சரக்குந்துகள் ஆகிய யாவும் புலப்படும். நிறுத்தக் கூடியவற்றை நிறுத்திவிட்டு, நிறுத்த இயலாதவை உறங்கும் வேளையில் பதிவு செய்தலே அறிவுடைமை. ஊர் அடங்கிய பின்னிரவும் விடியற்காலையும் காசில்லாமல் கிடைக்கும் அமைதி ஆகும்.

எதிரொலியை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அறையின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டினால், வெற்றுச் சிமெண்டு அறையில் அவ்வொலி கணீரென்று நீண்டு ஒலிக்கும். இலவம்பஞ்சு மெத்தை, கம்பளி, கனத்த போர்வை ஆகியவற்றைப் பாடுவோரின் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் தொங்கவிட்டு, தரையில் சமுக்காளம் விரித்து, மீண்டும் தட்டிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். கேழ்வரகு மூட்டையும் படுக்கைகளும் அடுக்கிய சாமான் அறை, அழகிய வரவேற்பறையைவிட இதற்கு ஏற்றது. முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டுவோர் உளர். அவை மெல்லியவை, கூர்மையான ஒலியைச் சிறிதே குறைக்கும், கனத்த ஒலியைத் தொடவும் மாட்டா. ஒலியை உறிஞ்சுவதற்குத் தடிமன் வேண்டும்.

அறை ஆயத்தமான பின்னரே, மைக் என்று மக்கள் வழங்கும் ஒலிவாங்கியை வாங்குதல் வேண்டும். அஃது இரு வகையாகப் பெரிதும் வழங்குகின்றது. முதல் வகையில், காந்தத்தின் இடையே உள்ள கம்பிச்சுருள் ஒலியால் அசைந்து மின்னோட்டத்தை உண்டாக்கும். அது விலை குறைந்தது, உறுதியானது. இரண்டாம் வகை மின்தேக்கியால் இயங்குவது. அதற்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்னழுத்தம் தர வேண்டும். அது மூச்சின் நுண்மையையும் பற்றும். அதனாலேயே தொலைவில் குரைக்கும் நாயின் ஒலியையும் விடாது பற்றும். அமைதி குறைந்த வீட்டுக்கு முதல் வகையே பொருந்தும். இவற்றுள் பல, முன்புறத்து ஒலியை மிகுதியாகவும் பின்புறத்து ஒலியைக் குறைவாகவும் ஏற்கும் இயல்பின. ஆதலின், ஒலிவாங்கியின் முதுகை இரைச்சல் வரும் சன்னலை நோக்கி வைத்தால், செலவின்றியே இரைச்சலின் ஒரு பகுதி குறையும்.

வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சாண் தொலைவு தகும். தடையற்ற வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகும். விலகி நின்றால் குரல் தேய்ந்து அறையின் ஒலி மேலோங்கும். மிக நெருங்கினால் மூச்சுக்காற்று மோதி வெடிப்பொலி தோன்றும். வளையம் ஒன்றில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி இடையில் வைத்தால் அவ்வெடிப்பு அடங்கும்.

ஒலிவாங்கியில் பிறந்த மின்னலையை எண்களாக மாற்ற ஒரு சிறு பெட்டி வேண்டும். சில ஒலிவாங்கிகளில் அது உள்ளேயே அமைந்திருக்கும். குறுந்தகட்டின் அளவுப்படி, ஒலி வினாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகின்றது. மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையே கேட்கும். அதனைப் பிழையின்றிப் பதிக்க அதன் இரு மடங்குக்கு மேற்பட்ட அளவைகள் வேண்டும். படிகளின் உச்சியைக் கடந்து ஒலி எழுந்தால், கடந்த பகுதி வெட்டுண்டு கரகரப்பாகும். பின்னர் அதனைச் செப்பனிடுதல் அரிது. ஆதலின் உரத்துப் பாடும் பகுதியை முதலில் பாடச் செய்து, உச்சிக்குக் கீழே போதிய இடம் விட்டு அளவை அமைத்தல் வேண்டும்.

பதிவைத் திருத்தவும் கலக்கவும் உதவும் செயலிகளுள் இலவசமானவையும் உண்டு. 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிடப்பட்ட ஆடாசிட்டி அவற்றுள் ஒன்று. தாளத்தை முதலில் பதிந்து, அதனை ஹெட்போன் வழியே கேட்டுக்கொண்டே குரலைத் தனி வரிசையில் பதியலாம். ஒருவரே குரலும் ஆர்மோனியமும் தாளமும் தந்து ஒரு பாட்டை முழுமையாக்க இயலும். காதை நன்கு மூடும் ஹெட்போனாயின், அதன் ஒலி கசிந்து மீண்டும் ஒலிவாங்கியில் புகாது.

சிறிய கூடத்துக்கு எல்லையும் உண்டு. பம்பையும் பறையும் முழங்கும் இசையைச் சிற்றறை தாங்காது. கூத்தின் உயிர் அதன் களத்திலும் கூடியிருக்கும் மக்களிடத்திலும் உள்ளது. அதனை அறைக்குள் அழைப்பதினும், கருவியைக் களத்துக்கு எடுத்துச் செல்லுதலே முறை. கருவி வாங்க இயலாதவர் கைப்பேசியில் தொடங்கலாம். அமைதியான அறையில், உரிய தொலைவில், கைப்பேசியில் பதிந்த பாட்டு, இரைச்சலான அறையில் உயர்ந்த கருவியில் பதிந்த பாட்டைவிடத் தெளிவாக இருக்கும்.

பதிவு செய்தவுடன் பணி முடிந்ததாகாது. பாடுவோரின் இசைவை முன்னரே பெறுதல் வேண்டும். பாட்டு அவர்களுடைய செல்வம் அன்றோ! கௌகர் ஜான் செய்தது போல, பாடியவர் பெயரும் ஊரும் நாளும் பதிவிலேயே ஒலிக்குமாறு செய்தல் நன்று. சுருக்கப்படாத வடிவில் மூலத்தைச் சேமித்து, மூன்று படிகள் எடுத்து, அவற்றுள் ஒன்றை வேறொரு வீட்டில் வைத்தல் வேண்டும். ஒரே கணிப்பொறியில் மட்டும் உள்ள பாட்டு, ஒரே பாட்டியின் நினைவில் மட்டும் உள்ள பாட்டைப் போன்றதே. ஒரு நாளில் அழியக்கூடும்.

தகடூரில் ஔவையார் பாடிய நாளில், அவர் குரலைக் காக்க விரும்பியவர் இருந்திருப்பினும் அதற்கு வழி இல்லை. இன்று வழி உண்டு. ஒரு மெத்தை, ஓர் ஒலிவாங்கி, ஒரு விடியற்காலை ஆகியவை போதும். அவ்வறையில் முதலாவதாகப் பாட அழைக்கத் தக்கவர், அவ்வீட்டின் திண்ணையிலேயே அமர்ந்திருக்கும் பாட்டியாக இருக்கலாம்.